பாராங் கத்தியின் பிடியைக் கைக்கு இதமாகவும், உள்ளே துரு ஏறாமலும் மாற்றி அமைப்பது எப்படி?

தோட்டத்தில் புதர் வெட்டும்போது பாராங்கின் (மலாய் நாட்டு நீள வெட்டுக்கத்தியின்) மரப்பிடி உள்ளங்கையை உறுத்திக் கொப்புளம் போடுகிறது, அலகும் பிடியும் சேரும் இடத்தில் பழுப்பு நிறத்தில் துரு கசிகிறது, பிடியின் மேல் சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றினால் இரண்டும் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றாதீர்கள் என்பதே என் பதில். பிடியைக் கழற்றி, உள்ளே மறைந்திருக்கும் இரும்பைத் துப்புரவு செய்து, நீர் புகாதபடி அடைத்து, அதன் பிறகு பிடியை உங்கள் கைக்கு ஏற்றவாறு செதுக்குங்கள். உறுத்தலும் துருவும் பெரும்பாலும் பிடி சரியாகப் பொருந்தாததால் வருபவை என்பதால், ஒரே வேலையில் இரண்டையும் தீர்த்துவிடலாம்.

பினாங்கில் பாலிக் புலாவ் பக்கம் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய டுரியான் தோட்டம் இருக்கிறது. அங்குள்ள வெட்டுக்கத்திகளைப் பராமரிப்பது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் பிடி ஆடத் தொடங்கிய கத்திகளை என்னிடம் கொண்டுவந்து தருவார்கள். அவற்றைக் கழற்றிப் பார்த்த பழக்கத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் துருவைப் பற்றிச் சொல்கிறேன். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே சாதாரணக் கார்பன் எஃகு துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். பினாங்கில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. போதாததற்குக் கடற்காற்றின் உப்பும் உண்டு. அலகில் படியும் துரு கண்ணுக்குத் தெரியும், தேய்த்து எடுத்துவிடலாம். அலகின் தொடர்ச்சியாகப் பிடிக்குள் இருக்கும் வால் பகுதியைத்தான் யாரும் பார்ப்பதில்லை. வியர்வையும் மழைநீரும் பிடியின் முன்வாயில் உள்ள மெல்லிய இடுக்கு வழியாக உள்ளே இறங்குகின்றன. வெயில் பட்டு மேல்மரம் காய்ந்துவிட்டாலும் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை. பழைய பிடி ஒன்றைப் பிளந்து பார்த்தால் வாலின் மேல் மரத்தின் வரிகள் அச்செடுத்தாற்போலத் துருவில் பதிந்திருக்கும். விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிரும். அலுமினிய ஆணி அடித்திருந்தால் அதைச் சுற்றி வெண்ணிறப் பொடி பூத்திருக்கும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் சில மடங்கு பெருகும் என்பதால், அந்தச் செதில்களே மரப்பலகைகளை நெம்பி விலக்குகின்றன. பலகை விலகினால் விளிம்பு கையில் உறுத்தும், இடுக்கு அகலமாகி இன்னும் நீர் புகும். டியூபைச் சுற்றினால் இவை அனைத்தும் ரப்பருக்கு அடியில் மறைவாக நடக்கும். ஒருநாள் ஓங்கும்போது வால் முறிந்து அலகு பறந்தால், பக்கத்தில் நிற்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

கழற்றும் முன் உங்கள் கத்தி எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிடியின் இரு பக்கமும் பலகை வைத்து ஆணி அடித்திருந்தால், ஆணியின் தலையை அரத்தால் தேய்த்து, அதைவிடச் சிறிய கம்பியால் பின்பக்கமிருந்து தட்டி வெளியேற்றலாம். பலகையைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். புதிதாகச் செய்வதே எளிது. கிராமத்துக் கொல்லர்கள் செய்யும் பாராங்குகளில் ஒல்லியான வாலை ஒரே மரத்துண்டின் துளைக்குள் செருகி, அரக்கையோ குங்கிலியத்தையோ உருக்கி இறுக்கியிருப்பார்கள். அதற்கு அலகின் அடிப்பகுதியைச் சூடாக்கினால் பிசின் இளகி வால் வெளியே வரும். ஆனால் அலகின் எஞ்சிய பகுதியை நன்கு நனைத்த துணியால் சுற்றி வையுங்கள். ஏறத்தாழ 200 பாகை செல்சியஸைக் கடந்தால் எஃகின் பதம் இறங்கத் தொடங்கும், அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. சரவாக்கின் டுக்கு சண்டோங் வகையில் அலகும் பிடியும் ஒரே இரும்பு, பிடி உள்ளே குழாய்போல வெற்றாக இருக்கும். அதில் கழற்ற எதுவுமில்லை. உட்புறத்தைத் துடைத்து எண்ணெய் விட்டு, வெளிப்புறத்தில் நூல் சுற்றிக்கொண்டால் போதும்.

வால் வெளியே வந்ததும் கம்பித் தூரிகையால் தளர்ந்த துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெள்ளைக் காடியில் (வினிகரில்) ஓர் இரவு ஊற வையுங்கள். மறுநாள் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, அடுத்த நிமிடமே துணியால் துடைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். காடியிலிருந்து எடுத்த இரும்பு ஈரத்தோடு கிடந்தால் கண் முன்னே மஞ்சள் பூக்கும். துளைத்துளையாக அரித்துப்போன பள்ளங்களில் துரு எஞ்சத்தான் செய்யும். அதற்கு நான் பயன்படுத்துவது கடுக்காய். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துப் பொருள்கள் விற்கும் கடையில் வாங்கி, இடித்து, கொஞ்ச நீரில் கொதிக்க வைத்து வடிகட்டினால் கெட்டியான துவர்நீர் கிடைக்கும். அதை வாலின் மேல் தடவிக் காய விட்டு, மறுபடியும் தடவினால், கடுக்காயின் துவர்ப்பொருளான டானினும் துருவும் சேர்ந்து கருநீலக் கறுப்பாக மாறும். பழைய காலத்து மையையும் துணிகளின் கறுப்புச் சாயத்தையும் உண்டாக்கியது இதே வினைதான். இந்தப் படலம் தனியாக நின்று நீரைத் தடுக்காது. மேலே பூசும் பசைக்கு உறுதியான அடித்தளமாக இருக்கும். வாலின் கால் பங்குக்கு மேல் அரித்திருந்தாலோ, ஆணித் துளையைச் சுற்றி வெடிப்புத் தெரிந்தாலோ அந்தக் கத்திக்குப் புதுப்பிடி போடவே கூடாது. வேறு கத்தி வாங்குங்கள்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கிடைத்த பலகையை எடுத்துவிட வேண்டாம். கொய்யா மரமும் ரம்புத்தான் மரமும் நெருக்கமான நாரும் உறுதியும் கொண்டவை, அடியின் அதிர்ச்சியைத் தாங்கும். பலா மரம் சற்று மென்மையானது, செதுக்க இலகுவானது. ரப்பர் மரம் இங்கே தாராளமாகக் கிடைத்தாலும் ஈரத்தில் பூசணமும் பூச்சியும் விரைவில் ஏறும் என்பதால் வெளிவேலைக் கத்திக்கு நான் அதை எடுப்பதில்லை. மெர்பாவ் மரத்தில் துவர்ச்சாறு மிகுதி. நனைந்தால் சிவந்த சாறு கசிந்து இரும்பையும் கையையும் கறையாக்கும். எந்த மரமானாலும் பச்சையாக வேண்டாம். இரு முனைகளிலும் மெழுகு பூசி, நிழலில் பல மாதம் காய்ந்த துண்டாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிடி பின்னால் சுருங்கி, நீங்கள் கவனமாக அடைத்த இடுக்கு மறுபடியும் திறந்துவிடும்.

இனி வடிவம். பொறுமையை முழுக்கச் செலவிட வேண்டிய இடம் இதுதான். தொழிற்சாலைப் பிடிகள் பெரும்பாலும் சதுர விளிம்போடு வருகின்றன. பட்டை விளிம்பு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சவ்வில் ஓயாமல் உரசுவதால் முதல் கொப்புளம் அங்கேதான் வரும். இன்னொரு பக்கம், முழு உருண்டையாகச் செய்த பிடி கைக்குள் சுழலும், அப்படிச் சுழலாமல் இருக்க நீங்கள் அறியாமலே இறுக்கிப் பிடிப்பீர்கள், முன்கை வலிக்கும். பிடியின் குறுக்குவெட்டு முட்டை வடிவில், கூர் இருக்கும் பக்கம் சற்று ஒடுங்கியும் முதுகுப் பக்கம் அகன்றும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் கூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று கைக்குத் தெரியும். பருமனைப் பொறுத்தவரை, பிடியை மூடிப் பிடிக்கும்போது நடுவிரல் நுனி கட்டைவிரலின் அடிச்சதையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. கையுறை போட்டு வேலை செய்பவரானால் கையுறையோடு அளந்து பாருங்கள்.

பிடியின் பின்முனை கீழ்நோக்கிச் சற்று வளைந்து தடித்திருக்க வேண்டும். பாராங்கை இறுக்கிப் பிடித்து வெட்டுவது களைப்பைத் தரும். ஓங்கும்போது சிறுவிரலும் மோதிர விரலும் கத்தியைத் தாங்க, மற்ற விரல்கள் தளர்வாக வழிநடத்துவதே பழகியவர்களின் முறை. அந்த வளைவு சிறுவிரலுக்கு முட்டுக்கொடுப்பதால், கை வியர்த்து வழுக்கினாலும் கத்தி கையை விட்டு நழுவாது. ஆனால் அதே வளைவின் உட்பக்கம் கூர்மையாக இருந்தால் சிறுவிரலை அறுக்கும் என்பதால், அங்கே உருண்டை அரம் வைத்து நன்றாகக் குழித்து விடுங்கள். விரலுக்கு விரல் பள்ளம் வெட்டுவதை நான் முற்றிலும் மறுக்கிறேன். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கிளை வெட்டும்போது பின்னாலும், குச்சி சீவும்போது முன்னாலும் கையை நகர்த்த வேண்டிய நீளக்கத்தியில் அந்தப் பள்ளங்களின் மேடுகளே புதிய உறுத்தலாகிவிடும்.

மேடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பிடி முழுவதும் அடுப்புக்கரித் தூளைத் தேய்த்து, சற்று நேரம் வாழைத்தண்டையோ மென்மையான புதரையோ வெட்டுங்கள். பிறகு பிடியையும் உள்ளங்கையையும் பாருங்கள். கரி முழுவதும் துடைபட்டு மரம் பளபளக்கும் இடத்தில்தான் கையின் அழுத்தம் குவிகிறது. அந்த இடத்தை மட்டும் மர அரத்தால் சிறிது தேய்த்துவிட்டு, மறுபடியும் கரி பூசி வெட்டிப் பாருங்கள். பிடி முழுவதிலும் கரி ஒரே அளவில் மங்கும்வரை இதைத் தொடர வேண்டும். பலகை வகையில் இதற்காகப் பலகைகளைத் திருகாணி போட்டுத் தற்காலிகமாகப் பொருத்திக்கொள்ளலாம். ஒரே மரப்பிடியில் வாலைச் சற்று இறுக்கமாகச் செருகினால் மெல்லிய வேலைக்குத் தாங்கும், ஓங்கி வெட்ட மட்டும் கூடாது.

வடிவம் அமைந்ததும் நிரந்தரமாக ஒட்டுவது. இரண்டு குழாய்களாக வரும் மெதுவாக இறுகும் எபாக்ஸிப் பசையை ஹார்ட்வேர் கடையில் கேட்டு வாங்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை ஈரத்தையும் அதிர்ச்சியையும் அவ்வளவாகத் தாங்காது. வாலை 80ஆம் எண் உப்புத்தாளால் மேலோட்டமாகக் கீறி, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு கை படக்கூடாது. வாலின் இரு முகங்களில் மட்டுமல்லாமல் அதன் விளிம்புகளிலும், துளைகளின் உட்சுவரிலும் பசையைப் பூசுங்கள். இங்கே பசை இரும்புக்கு மேற்போர்வையாகவும் வேலை செய்ய வேண்டும். கிளாம்பை வெறிகொண்டு இறுக்கினால் பசையெல்லாம் வெளியே பிதுங்கி நடுவில் ஒன்றும் மிஞ்சாது. பலகை அசையாத அளவுக்கு இறுக்கி ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். ஆணிக்குப் பித்தளை அழகாக இருக்கும் என்று பலர் போடுகிறார்கள். வியர்வையின் உப்புநீர் இடையில் புகுந்தால் பித்தளையைத் தொட்டுக்கொண்டிருக்கும் எஃகு இன்னும் வேகமாக அரிக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே என் தேர்வு. அதையும் பசையில் தோய்த்துத்தான் செருகுகிறேன். கடைசியாக, பிடியின் முன்வாயில் அலகைச் சுற்றி ஒரு மெல்லிய பசைக் கோடு ஓட்டி, நீர் தேங்காமல் வழிந்தோடும்படி சரிவாக வழித்துவிடுங்கள். முழு வேலையிலும் துருவைத் தடுப்பதில் பெரும்பங்கு அந்தக் கோட்டுக்குத்தான்.

மரத்தின் மேல் வார்னிஷ் அடிக்க வேண்டாம். கண்ணாடிபோல் வழவழப்பான பரப்பு வியர்த்த கையில் வழுக்கும், தோலைப் பிடித்து இழுத்துக் கொப்புளமும் தரும். 120ஆம் எண் தாளில் தேய்த்ததும் ஈரத்துணியால் துடைத்து, நார் எழும்பிக் காய்ந்த பிறகு 240ஆம் எண் தாளில் மெல்லத் தேய்த்து, அங்கேயே நிறுத்துங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஓரிரு நாள் இடைவெளி விட்டு மறுபடியும் பூசுங்கள். இது காற்றில் உலர்ந்து கெட்டியாகும் எண்ணெய். தேங்காய் எண்ணெய் அப்படி உலராது, நல்லெண்ணெய் பிசுபிசுப்பாக நின்றுவிடும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். உலரும்போது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காய வைத்தோ, நீரில் மூழ்க வைத்தோ பிறகு அகற்றுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பிடி இன்னும் மெல்லியதாகத் தோன்றினால் மேலுறை போடலாம். அப்போதும் டியூபைவிட, இங்கே எந்த விளையாட்டுக் கடையிலும் கிடைக்கும் பூப்பந்து மட்டையின் துணி கிரிப் மேலானது. வியர்வையை உறிஞ்சும், நொடியில் அவிழ்த்துக் காய வைக்கலாம், கிழிந்தால் மாற்றலாம். வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் அதை அவிழ்க்கச் சோம்பல் வரும் என்றால் வெறும் மரமே போதும். பிடித்துளையில் கயிறு கோத்து மணிக்கட்டில் மாட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. கை தவறினால் கத்தி கீழே விழட்டும். மணிக்கட்டில் தொங்கிக்கொண்டு காலை நோக்கித் திரும்பக் கூடாது.

அலகுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாழைச்சாறும் புல்சாறும் காயும் முன் கழுவித் துடைத்து, மெல்லிய கனிம எண்ணெய் தடவுங்கள். உறைக்குள் வைத்துச் சேமிக்காதீர்கள், தோலுறையானால் கண்டிப்பாக வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சி அலகின் மேல் பிடித்து வைத்திருக்கும். தோட்டத்துக்குக் கொண்டுபோகும்போது மட்டும் பிவிசி குழாயைச் சூடாக்கித் தட்டையாக்கிச் செய்த உறையில் போட்டு, அடியில் நீர் வடியத் துளை வையுங்கள். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது மலேசியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் என்பதால், போகும்போதும் வரும்போதும் உறையிட்டுக் கட்டி, மற்றத் தோட்டக் கருவிகளோடு காரின் பின்பெட்டியில் வையுங்கள்; வேலை முடிந்த பிறகும் காரிலேயே விட்டுவைக்காதீர்கள்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை வலுக்கும் முன், பிடியின் முன்வாயில் ஓட்டிய பசைக் கோட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது சிக்கினால் அங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள். கத்தியை இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைத்து, விரிசலைச் சிறிது கீறித் திறந்து, புதுப்பசையை ஊசி முனையால் இறக்குங்கள். பிடியைக் கழற்றத் தேவையில்லை.