மாமாக் கடையும் கல் மேசையும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் சிங்கப்பூரின் புதிய குடியிருப்பு வட்டாரமான பொங்கோலுக்குக் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நீர்வழி, கடைத்தொகுதி, எல்ஆர்டி இலகு ரயில் என்று எதற்கும் குறையில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவுக்குப் போய்வந்தால்தான் மனிதர்களைப் பார்த்த நிறைவு வருகிறது. நான் வசிப்போர் குழுவில் தொண்டூழியர். ஆண்டுக்கு நான்கைந்து விழாக்கள் நடத்துகிறோம். கூட்டமும் வருகிறது, மறுநாள் வெறிச்சோடிவிடுகிறது. விழாக்களைக் கூட்டினால் இது மாறுமா?

ஒரு வாசகி, பொங்கோல்

அன்புள்ள சகோதரிக்கு,

மாறாது என்றே நினைக்கிறேன். விழாவுக்கு வருகிறவர்கள் விழாவுக்காக வந்து, அன்பளிப்புப் பையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். தேக்காவில் நடப்பது வேறு. விடியற்காலையில் மீன் வாங்க வரும் சீனப் பாட்டியும், பத்து மணிக்கு முழம்போட்டு மல்லிகை வாங்குகிறவரும், மதியம் பிரியாணிக்கு வரிசையில் நிற்கும் அலுவலக ஊழியரும், ஞாயிறு மாலை புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து ஊரிலிருக்கும் பிள்ளையோடு காணொளியில் பேசும் தொழிலாளியும் அவரவர் வேலையாகத்தான் வருகிறார்கள். யாரும் கலகலப்பை உண்டாக்க வரவில்லை. 1982இல் திறக்கப்பட்ட தேக்கா நிலையத்தில் ஈரச்சந்தையும் உணவங்காடியும் துணிக்கடைகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், ஒருவர் எழுந்துபோன இடத்தில் இன்னொருவர் வந்து உட்காருகிறார். (அந்தக் கலகலப்புக்கே மேல்மாடியில் குடியிருப்பவர் இரைச்சல் என்று பெயர் வைத்திருப்பார் என்பதையும் மறக்க வேண்டாம்.)

தேக்காவைப் பொங்கோலுக்குக் கொண்டுவர முடியாது, தேவையுமில்லை. தோ பாயோ வட்டாரத்தில் நான் வளர்ந்த அடுக்குமாடி புளோக்கில் சந்தையே கிடையாது. 1970களிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) தன் கட்டடங்களின் கீழ்த்தளத்தை வீடுகள் கட்டாமல் திறந்தே விட்டது. மலாய்க் கல்யாணமும் சீனர் வீட்டுத் துக்கமும் அங்கேதான் நடந்தன. மற்ற நாள்களில் அந்தத் தளத்தை உயிரோடு வைத்திருந்தவை இரண்டே பொருள்கள்: மின்தூக்கிக்கு அருகே மாமாக் கடை என்ற சிறு மளிகைக் கடை, அதற்கு எதிரே சதுரங்கக் கட்டம் பதித்த கல் மேசை. சீனரும் மலாய்க்காரரும்கூட நம் உறவுமுறைச் சொல்லாலேயே அழைத்த அந்தக் கடையில் மிட்டாய் சாடிகளுக்குப் பின்னால் ஒரு கடன் நோட்டு இருக்கும். மாலை நான்கு மணிக்கு மூன்றாம் மாடி ஆண்ட்டி கல் மேசையில் நாளிதழை விரித்து, தவுகே என்ற முளைப்பயற்றைக் கொட்டி, ஒவ்வொன்றாக வாலைக் கிள்ளிக்கொண்டிருப்பார். வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். பள்ளிவிட்டு வரும் நாங்கள் அவரைக் கடந்துதான் மின்தூக்கிக்குப் போக வேண்டும். யார் சாப்பிட்டான், யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அந்தக் கிள்ளலுக்கு நடுவே அவருக்குத் தெரிந்துவிடும்.

பின்னொரு நாள் இரவில் சத்தம் என்று யாரோ புகார் செய்ய, கல் மேசையை எடுத்துவிட்டார்கள். சத்தம் நின்றது. ஆண்ட்டியும் கீழே வருவதை நிறுத்தினார், அடுத்த சில ஆண்டுகளில் மாமாக் கடையும் மூடப்பட்டது. ஒன்றால்தான் மற்றொன்று என்று சாதிக்க மாட்டேன். மாமாக் கடைகளை விழுங்கப் பேரங்காடிகள் இருந்தன. ஆனால் காசு செலவழிக்காமல், காரணம் சொல்லாமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க முடிந்த இடம் போனபின் எங்களுக்கும் கீழே நிற்க ஒரு சாக்கு இல்லாமல் போயிற்று.

ஆகவே ஐந்தாவது விழாவுக்கு ஒதுக்கிய பணத்தில், மின்தூக்கிக்குப் போகும் வழியில் ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போட முடியுமா என்று குழுவில் கேட்டுப் பாருங்கள். ஒதுக்குப்புறமான தோட்டத்தில் போட்டால் பயனில்லை, ஆள் நடக்கிற பாதையிலேயே இருக்க வேண்டும். உங்கள் புளோக்கின் அடியில் யாராவது ஏற்கெனவே ஒரு பழைய நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தால், அதை அப்புறப்படுத்தச் சொல்வதற்கு முன் இரண்டு நாள் மாலையில் இறங்கிப்போய், அதில் யார் உட்காருகிறார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.