கரையின் இந்தப் பக்கத்திலிருந்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

இவான் ஐவசோவ்ஸ்கி 1856-ல் வரைந்த கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) துறைமுக ஓவியத்தை நீங்கள் சிலாகித்து எழுதியிருந்தீர்கள். தலைப்பாகை, படகு, பள்ளிவாசல், பொன்வெயில் என்று கிழக்கைப் பற்றி ஐரோப்பியர்கள் கண்ட கனவுதானே அது? எப்படி ரசிக்க முடிகிறது?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்த நகரின் நடுவே ஓடும் போஸ்பரஸ் நீரிணையில் நீராவிப் படகு விட 1851-லேயே கம்பெனி தொடங்கிவிட்டார்கள். அதே கரையில் கொஞ்சம் தள்ளி துருக்கி சுல்தானின் தொல்மாபாஹ்சே அரண்மனை கட்டி முடிந்ததும் 1856-ல்தான். ஊர் அவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருந்தபோது, ஓவியர் துடுப்புப் படகையும் மஞ்சள் வெயிலையும் முன்னால் வைக்கிறார். இதைக் குறை என்றே நானும் சொல்வேன்.

ஆனால் ‘ஐரோப்பியர் கனவு’ என்பதை ஏற்க முடியவில்லை. படத்திலுள்ள பள்ளிவாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். தோப்ஹானே கரையிலுள்ள நுஸ்ரெதியே அது. சுல்தான் இரண்டாம் மஹ்மூதுக்காக 1826-ல் அதைக் கட்டி முடித்தவர் கிரிகோர் பால்யான் என்ற ஆர்மீனியர். ஊசி மாதிரி மெலிந்த இரண்டு மினார்கள். அவற்றுக்குக் கீழே நெளிந்து வளையும் ஐரோப்பிய பரோக் வேலைப்பாடு. கல்லிலேயே கிழக்கும் மேற்கும் கலந்துதான் கிடந்தன. வரைந்தவரும் ஆர்மீனியர்தான். கிரிமியாவில், ஃபியோதோசியா துறைமுகத்தில் 1817-ல் பிறந்தவர், ரஷ்யக் கடற்படையின் ஓவியர். கருங்கடலின் ஒரு கரைக்காரர் மறுகரையைப் பார்த்து வரைந்த படம் இது. பின்னால் சுல்தான் அப்துல் அஜீஸே தன் அரண்மனைக்கு அவரிடம் படங்கள் கேட்டு வாங்கினார். நடுவில் நின்று ஏற்பாடு செய்த சர்கிஸ் பால்யான் அதே கட்டடக் கலைஞர் குடும்பம்.

அப்புறம் அந்த வெளிச்சம். அலையையும் காற்றையும் மின்னலையும் எதிரே உட்கார்ந்து வரைய முடியாது, நினைவிலிருந்துதான் வரைய வேண்டும் என்பது அவர் கட்சி. 1845-ல் முதன்முதலாகப் பார்த்த நகரம் மனதில் ஊறி ஊறி வெளிவந்திருக்கிறது. தண்ணீரும் வானமும் எங்கே பிரிகின்றன என்றே தெரியாமல் தூரத்துக் கப்பல்கள் அந்த மஞ்சளில் கரைந்துபோவதைப் பாருங்கள். நான் மயங்குவது அதில்தான்.

அவருடைய உறவு அந்த ஊரோடு மயக்கத்திலேயே நின்றுவிடவில்லை. 1890-களில் சுல்தானின் ஆட்சியில் ஆர்மீனியர்கள் படுகொலை செய்யப்பட்டபோது, சுல்தான்கள் தந்த பதக்கங்களை அவர் கடலில் வீசியெறிந்தார். ஓவியங்களை மட்டும் யாரும் வீசவில்லை. தொல்மாபாஹ்சே வளாகத்திலுள்ள அரண்மனை ஓவிய அருங்காட்சியகத்தில் அவருக்கென்று ஒரு கூடமே இருக்கிறது. இஸ்தான்புல் போனால் தவறாமல் பாருங்கள்.