தம்பியின் சபையும் பள்ளியின் ஜெபமும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதி வாசகி ஒருவரின் கேள்வி: என் தம்பி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். நாட்டுச் சட்டத்தைவிட வேதமே மேல் என்று பேசும் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்கிறான். எங்கள் இருவர் பிள்ளைகளும் படிக்கும் அரசுப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் அவன் இருக்கிறான். காலைக் கூட்டத்தில் கிறிஸ்தவ ஜெபம் மட்டும் போதும் என்று வாதாடுகிறான். நான் சண்டை போடுவதா, சும்மா இருப்பதா?

அன்புள்ள சகோதரி,

ஓட்டு விஷயத்தில் சும்மா இருங்கள். தன் வேதத்தை மனத்தில் வைத்து ஓட்டுப் போட உங்கள் தம்பிக்கு முழு உரிமை உண்டு. ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 1996இல் நம் அரசியலமைப்புச் சட்டத்தை எதிர்த்தே வாக்களித்தது. அதே சட்டத்தின் பாதுகாப்பில்தான் அது இன்றுவரை தேர்தலில் நின்று நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பள்ளி விஷயம் வேறு. அரசுப் பள்ளியில் வழிபாடு நடத்தலாம் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் அது எல்லாச் சமயத்தாருக்கும் நியாயமாக இருக்க வேண்டும், கலந்துகொள்வது பிள்ளையின் விருப்பமாக இருக்க வேண்டும். நான் படித்த பள்ளியில் ஜெபம் முடியும்வரை நாங்கள் நாலைந்து பேர் புத்தகப் பையோடு தாழ்வாரத்தில் நிற்போம். உள்ளே போகும்போது எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பும். (அதற்கும் விருப்பம் என்றுதான் பெயர்.) வேதத்தைக் காட்டி இனப்பிரிவினையை நியாயப்படுத்திய திருச்சபையும், அதே வேதத்தைக் கையில் பிடித்து அதை எதிர்த்த பேராயர் டுட்டுவும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள் என்பதால், தம்பியின் விசுவாசத்தைக் குறை சொல்லாதீர்கள், அது அரசின் அதிகாரத்தில் ஏறி உட்காருவதை மட்டும் கேள்வி கேளுங்கள்.

2000ஆம் ஆண்டில், பிள்ளைகளைப் பிரம்பால் அடிப்பது வேதம் தந்த உரிமை என்று வாதிட்ட 196 தனியார் கிறிஸ்தவப் பள்ளிகளின் கோரிக்கையை அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே நீதிமன்றம்தான் 2007இல், டர்பன் பள்ளி ஒன்றில் படித்த நம் தமிழ்ப் பெண்ணொருத்தியின் சிறிய தங்க மூக்குத்திக்குத் தடை போட்டது நியாயமற்ற பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. இந்த இரண்டையும் சேர்த்தே தம்பியிடம் சொல்லுங்கள். ஒரே ஒரு சமயத்தை அரசுப் பள்ளி தூக்கிப் பிடிக்கக் கூடாது என்று ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்ததையும் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். ஜெபம் வேண்டாத பிள்ளை எங்கே நிற்பாள் என்று அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். குழுக் கூட்டத்துக்கு முந்தைய நாளே கடிதத்தைத் தம்பியிடம் காட்டிவிடுங்கள். நாலு பேர் முன்னால் வைத்து அவரைத் திகைக்க வைத்தால், அப்புறம் அவர் ஜெபத்துக்காக அல்ல, உங்களோடு வீம்புக்காகவே வாதாடுவார்.