கேபிளின் ஜெர்மன் குரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்கர் வாலஸ் கதைகளை வைத்து ஜெர்மனியில் எடுக்கப்பட்ட பழைய துப்பறியும் படங்களை அண்மையில் வரிசையாகப் பார்த்தேன். அவற்றில் ஸ்காட்லாண்ட் யார்டின் தலைவர் சர் ஜானாக வரும் முதியவர் வாயைத் திறந்தாலே சிரிப்பு வருகிறது. ஹாலிவுட் நாயகன் கிளார்க் கேபிளுக்கு ஜெர்மன் மொழியில் பின்னணிக் குரல் கொடுத்தவர் அவர்தான் என்று படித்தபோது நம்ப முடியவில்லை. அந்தக் கோமாளிக்கும் கேபிளுக்கும் என்ன பொருத்தம்?

மாலதி

அன்புள்ள மாலதி,

நீங்கள் குறிப்பிடும் ஸீக்ஃப்ரீட் ஷூரன்பெர்க் 1900 ஜனவரியில் டெட்மோல்டில் பிறந்தவர். கேபிளைவிட ஓராண்டே மூத்தவர். 1939இல் அமெரிக்காவில் வெளியான 'கான் வித் த விண்ட்' மேற்கு ஜெர்மனித் திரையரங்குகளுக்கு வந்து சேர்ந்தது 1953இல்தான் என்பதால், திரையில் முப்பத்தெட்டு வயதினராகத் தெரியும் கேபிளின் பாத்திரமான ரெட் பட்லரின் வாயிலிருந்து ஜெர்மானியர்கள் கேட்டது ஐம்பதைக் கடந்த ஒருவரின் குரலை. கேட்கும்போது எனக்கு அந்த வயது தெரியவில்லை.

படத்தைச் சில விநாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பேசுவதுதான் குரல் சேர்ப்பின் நடைமுறை. திரையில் உதடுகள் மூடும் இடத்தில் 'ப', 'ம' போன்ற ஒலி ஜெர்மன் வசனத்திலும் விழுந்தாக வேண்டும். அது வசனம் எழுதுபவரின் பாடு. ஆனால் கேபிள் புருவத்தை உயர்த்திவிட்டு, பேசுவதற்கு முன் அரை நொடி தாமதிக்கிறாரே, அந்தத் தாமதத்தின் கேலி அடுத்த சொல்லில் கேட்க வேண்டுமென்றால் ஒலிவாங்கியின் முன் நிற்பவர் நல்ல நடிகராக இருந்தாக வேண்டும்.

'கோமாளி' என்ற சொல்லை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 1962இல் தொடங்கி சர் ஜானாக நடித்த படங்களில் அவர் ஒருபோதும் குரலைக் கோணலாக்கிச் சிரிப்பு மூட்டவில்லை. 'டெர் ஹெக்ஸர்' (1964) படத்தைப் பாருங்கள்: இன்ஸ்பெக்டர் ஹிக்கின்ஸ் வழக்கோடு மல்லாடிக்கொண்டிருக்க, ஒன்றும் புரியாத மேலதிகாரி, எல்லாம் புரிந்த கனவானின் கம்பீரத்தோடு பேசுகிறார். கேபிளின் மிடுக்கோடு பழகிய அதே குரலில் அசட்டுத்தனம் வருவதால்தான் சிரிக்கிறோம் என்பது என் எண்ணம்.

1968இல் ஜெர்மனிக்கு வந்த 'ஜங்கிள் புக்' படத்தில் ஷேர் கானுக்கும் அவரே பேசினார். மௌக்லி எங்கே என்று மலைப்பாம்பு காவிடம் புலி விசாரிக்கும் காட்சியில் அச்சமூட்டுவது உறுமல் அல்ல, அந்த மரியாதைதான். 1993இல், தொண்ணூற்று மூன்று வயதில் ஷூரன்பெர்க் காலமானார். அந்தக் காட்சியை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். சர் ஜான் நினைவுக்கு வருகிறாரா, ரெட் பட்லரா என்று எழுதுங்கள்.