இம்பிளான்ட் ஓரத்தில் ஈறு மெலிந்தால் ஒட்டு தேவையா?

கீழ்க் கடைவாய் இம்பிளான்டை, அதாவது தாடை எலும்பில் பதித்த செயற்கைப் பல்லைச் சுற்றி ஈறு மெல்லிசாகி, பிரஷ் பட்டாலே வலிக்கிறது. டாக்டர் அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டச் சொல்கிறார் என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது நியாயம்தான். வலிக்குப் பயந்து தேய்க்காமல் விட்டால் அழுக்குப் படியும், ஈறு வீங்கும், நாளடைவில் எலும்பும் கரையலாம். அசையாத கெட்டி ஈறு 2 மி.மீ. அகலமாவது இருந்தால் தேய்ப்பது சுலபம்; அதற்குத்தான் இந்த ஒட்டு.

ஆனால் முதலில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு குறைந்திருக்கிறதா, சீழ் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொற்று இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் ஒட்டு.

அப்புறம் அண்ணத்துக் காயம். மேல்தோலோடு எடுத்தால் ஆற 2 முதல் 4 வாரம் ஆகும். சூடாக எது பட்டாலும் எரியும். அதை மூடி வைக்க ஒரு பிளாஸ்டிக் தகடு செய்து தருவார்கள், கண்டிப்பாகக் கேளுங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்திவிடுங்கள்.