சனிக்கிழமைச் சம்பளமும் பைத்தானும்

கேள்வி: திருப்பூரில் நானும் என் கணவரும் 40 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தையல் யூனிட் நடத்துகிறோம். டெய்லர்களுக்குப் பீஸ் ரேட். வெள்ளிக்கிழமை இரவு நோட்டைப் பார்த்து எக்செல்லில் ஏற்றிக் கூலி போட்டு முடிக்க எனக்கு இரண்டு மணி ஆகிவிடுகிறது. கட்டிங்கிலிருந்து வந்த பீஸைவிட அதிகமான பீஸுக்குக் கூலி கொடுத்திருப்பது சில வாரம் கழித்துத்தான் தெரிகிறது. புரோகிராமிங் படித்தால் இது தீரும் என்கிறான் அண்ணன் மகன். ஒரு சென்டரில் ஆறு மாத கோர்ஸுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள். நான் பி.காம்., வயது 38. எனக்கு வருமா? பணம் கட்டலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பணம் கட்ட வேண்டாம். இப்படிப்பட்ட கோர்ஸ்கள் பெரும்பாலும் பகா எண் கண்டுபிடிப்பதிலும் நட்சத்திரக் குறியால் முக்கோணம் வரைவதிலும் தொடங்கும். தொழில் நடத்துகிறவர்கள் பலர் மூன்றாவது வாரத்தில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மூளை போதாமல் இல்லை. அந்தக் கணக்குகளுக்கும் அவர்களுடைய கவலைக்கும் சம்பந்தமே இல்லை, அதனால்தான் நின்றார்கள்.

வருமா என்ற கேள்விக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் லியான்ஸ் என்று ஒரு நிறுவனம், டீக்கடைகளும் கேக் தயாரிப்பும் தொழில். கணக்கு வேலை தாங்காமல் அவர்களே ‘லியோ’ என்ற கம்ப்யூட்டரைக் கட்டி, 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கை அதில் போட ஆரம்பித்தார்கள். புரோகிராம் எழுத ஆட்களைத் தங்கள் ஆபீஸிலிருந்தே எடுத்தார்கள். அப்படி 1952-ல் வந்தவர் மேரி கூம்ப்ஸ். அவர் படித்தது பிரெஞ்சும் வரலாறும். அவர் எழுதியவற்றில் முக்கியமானது, உங்களுடையதைப் போலவே, சம்பளக் கணக்கு. நீங்கள் பி.காம். படித்து, வாரம் தவறாமல் கூலி போட்டுக்கொண்டிருப்பவர். பாதி வேலை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மீதிப் பாதி இதுதான்: வெள்ளி இரவு நீங்கள் செய்வதை, உங்கள் யூனிட்டை எட்டிக்கூடப் பார்க்காத ஒருவர் செய்யும்படி எழுதுவது. கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். நாலு வரி எழுதுவதற்குள் சிக்கல்கள் தலைகாட்டும். செக்கிங்கில் ஆல்டர் என்று திரும்பி வந்த பீஸைச் சரிசெய்தால் மறுபடி கூலி உண்டா? அதே டெய்லர் தைத்தது என்றால்? ஒருவர் பாதியில் லீவு போட்டு இன்னொருவர் முடித்த பண்டலை யார் கணக்கில் வைப்பது? இதுவரை அந்தந்த நேரத்துக்குத் தோன்றியபடி முடிவு செய்திருப்பீர்கள். புரோகிராமுக்கு ஒரே பதில் வேண்டும். அதை நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், வேறு யாராலும் முடியாது. என் அனுபவத்தில் பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அடுத்து, நோட்டில் இருப்பதை நாலு பட்டியலாகப் பிரியுங்கள். எந்த ஸ்டைலில் எந்த வேலைக்கு என்ன ரேட்; எந்த லாட்டில் (ஒரே தடவையாக வெட்டி வந்த தொகுதியில்) கட்டிங் எத்தனை பீஸ்; தினமும் யார், எந்த லாட்டில், என்ன வேலை, எத்தனை பீஸ்; கடைசியாக அட்வான்ஸ். டெய்லர்களுக்குப் பெயரோடு ஒரு எண்ணும் கொடுங்கள். ‘செல்வி’ என்று ஒரு நாளும் ‘கே. செல்வி’ என்று மறுநாளும் எழுதினால் கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர்.

இப்போது நீங்கள் தேடும் தவறைப் பிடிக்கலாம். ஒரு லாட்டில் 1,200 பீஸ். ஓவர்லாக் மெஷினில் தோள்பட்டை தைத்ததாக மூன்று பேர் 450, 430, 340 என்று எழுதியிருக்கிறார்கள். கூட்டினால் 1,220. ரேட் 1 ரூபாய் 10 பைசா என்றால் நஷ்டம் 22 ரூபாய்தான். ஆனால் இப்படி எல்லா லாட்டிலும், எல்லா வேலையிலும் வாரா வாரம் போகிறதே! லாட்டும் வேலையும் ஒன்றாக இருக்கும் வரிகளைக் கூட்டி, கட்டிங் கணக்கோடு ஒப்பிட்டு, மிஞ்சினால் காட்டு – இவ்வளவுதான் புரோகிராம். இதை எக்செல்லின் சம்இஃப்ஸ் (SUMIFS) ஃபார்முலாவே செய்துவிடும். முதல் மாதம் அதையே பழகுங்கள். ஃபார்முலா எழுதுவதும் புரோகிராமிங்தான், யார் என்ன சொன்னாலும்.

வாரா வாரம் புது ஃபைல், பழைய பாக்கி, ஆளுக்கொரு சீட்டு என்று வரும்போது எக்செல் திணறும். அப்போது பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியை எடுங்கள். ஃபைலைப் படிப்பது, லிஸ்ட் (வரிசையான பட்டியல்), டிக்‌ஷனரி (டெய்லர் எண்ணைச் சொன்னால் பெயரைத் தருவது போன்ற பட்டியல்), லூப் (ஒரே வேலையை வரி வரியாகத் திரும்பச் செய்வது), ‘இப்படி இருந்தால்’ என்ற நிபந்தனை, சின்னச் சின்ன ஃபங்ஷன் (பெயர் வைத்து வேண்டும்போது கூப்பிடும் துண்டுப் புரோகிராம்) – உங்களுக்கு இவை போதும். தினம் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு மூன்று மாதத்தில் கைக்கு வரும். மத்திய அரசின் சுவயம் இணையதளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் எடுக்கும் என்.பி.டெல். வகுப்புகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம், தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம். கணியம் தளத்தில் தமிழிலேயே இலவசமாகப் படிக்கலாம்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ரேட்டையும் கூலியையும் பைசாவில், முழு எண்ணாக வையுங்கள். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். தசமத்தைக் கம்ப்யூட்டர் உள்ளே இரும எண்ணாக வைத்துக்கொள்வதால் வரும் பிசகு அது. இன்னொன்று, மாறக்கூடிய எண்ணைக் கணக்குக்கு நடுவில் எழுதாதீர்கள். 2019 ஜூலையில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் தொழிலாளர் பங்கு 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆனது. அதை ஒரே இடத்தில் வைத்திருந்தவர்கள் ஒரு வரியை மாற்றினார்கள். மற்றவர்கள் ஷீட் ஷீட்டாகத் தேடினார்கள்.

சாட்ஜிபிடியே எழுதித் தருமே என்று அண்ணன் மகன் சொல்லலாம். எழுதி வாங்குங்கள், தவறில்லை. டெய்லர்களின் பெயரையும் பேங்க் விவரத்தையும் மட்டும் அதில் போடாதீர்கள். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று கேட்டுப் புரிந்துகொண்டு, கூலி கொடுத்து முடித்த பழைய வாரம் ஒன்றின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சரியாக வந்தாலும் உடனே நோட்டைத் தூக்கிப்போட வேண்டாம். நாலு வாரம் இரண்டும் சேர்ந்தே ஓடட்டும். வித்தியாசம் வந்தால் எதில் தவறு என்று தேடுங்கள், சில தடவை நோட்டில்தான் இருக்கும். பிறகு சனிக்கிழமை கவரோடு ஆளுக்கொரு சீட்டும் கொடுங்கள்: லாட், வேலை, பீஸ், ரேட், அட்வான்ஸ் பிடித்தம். தைத்தவருக்குத் தன் எண்ணிக்கை தெரியும். கம்ப்யூட்டரில் தப்பாக ஏறியிருந்தால் முதலில் சொல்லப்போவது அவர்தான்.