இரண்டாவது வரி

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்தைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். வார நாட்களில் அலுவலக வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் குழு ஒன்றில் தொண்டூழியம். தினமும் காலையில் முப்பது, நாற்பது செய்திகளைத் திரட்டி ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புகிறேன். லாரிப் பயணம், மரண தண்டனை, பருவநிலை, காஸா, இலங்கை, தமிழ்நாட்டுச் சாதிக் கொடுமைகள் என எல்லாம் அதில் இருக்கும். குழுவில் பாதிப் பேர் ஊழியர்கள், பாதிப் பேர் என்னைப் போன்றவர்கள். பலர் சத்தமில்லாமல் வெளியேறிவிட்டார்கள். டெலிகிராமுக்கு மாறினால் நல்லதா? செய்தியோடு என் கருத்தையும் எழுதலாமா? இத்தனை வகைச் செய்திகளைக் கொடுத்தும் மக்கள் ஏன் அசையவே மாட்டேன் என்கிறார்கள்? ஒரு நாள் பட்டியலை மாதிரிக்கு இணைத்திருக்கிறேன்.

தி., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள தி.,

வருகிற கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதும் பொறுமை எனக்கு இல்லை. உங்களுடையது வந்த நேரம் அப்படி. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் செய்தி திரட்டிக் கொடுத்தவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 1887 ஜூன் 27இல் மகுதூம் சாயபு ‘சிங்கை நேச’னைத் தொடங்கினார். வார இதழ். 1890இல் நின்றுபோனது. அச்சுக் கோத்து, காகிதம் வாங்கி, சந்தா கேட்டு அலைந்து நடத்திய அந்த மனிதர் வாரத்துக்கு ஒரே ஒரு இதழ் போட்டார். நீங்கள் ஒரு காலைப்பொழுதில் நாற்பது செய்தி போடுகிறீர்கள்.

டெலிகிராமா வாட்ஸ்அப்பா என்பதை உங்கள் கைப்பேசியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கருத்து எழுதலாமா என்றால், தாராளமாக எழுதுங்கள், செய்தியை முழுவதும் படித்திருந்தால். காஸாவைப் பற்றி ஈசூன்காரர் ஏன் பேச வேண்டும் என்று யாராவது கேட்டிருப்பார்கள், அந்தக் காயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. பேசுங்கள் தம்பி. தொலைவில் இருப்பவனுக்காக வருந்துகிற மனசு ஒரு குற்றமில்லை.

ஆனால் உங்கள் மாதிரிப் பட்டியலை நான் உட்கார்ந்து படித்தேன். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

நாற்பதில் ஒன்று, நீல நிறப் பின்னணியில் அழகாகச் செய்யப்பட்ட ஒரு படம். ‘சம்பளம் வரவில்லையா? ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. கீழே யார் சொன்னது என்று இல்லை. எந்தத் தேதியில் என்றும் இல்லை. அந்த விதிக்கு இரண்டு வரி உண்டு. வேலையில் இருப்பவர், சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வேலையை விட்டவர், கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். படம் செய்தவருக்கு இடம் போதவில்லையோ, இரண்டாவது வரி அழகைக் கெடுத்ததோ, வெட்டிவிட்டார். நீங்கள் அதை அப்படியே அனுப்பிவிட்டீர்கள்.

அதே மாதிரிப் படம் ஒன்றை நான் வேறொரு கைப்பேசியில் பார்த்திருக்கிறேன். கஃப் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. எதிரே புதுக்கோட்டைப் பக்கத்து மனிதர். பழைய கம்பெனி நான்கு மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்திருக்கிறது. இவர் அங்கிருந்து விலகி வேறு கம்பெனிக்குப் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. புது முதலாளியிடம் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்று பொறுத்திருந்தார். ஓராண்டு இருக்கிறதே என்ற தைரியம். கண்ணாடி விரிசல் விட்ட திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ‘ஓராண்டு’ என்ற சொல்லுக்கு அடியில் விரலை வைத்து அழுத்திக் காட்டினார். நகத்தில் சிமெண்டு வெள்ளை. ‘இதில் போட்டிருக்கிறதே அம்மா’ என்றார். நான் என்ன சொல்ல? கெடு இரண்டு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. புகார் ஏற்கப்படவில்லை.

அவருக்கு அந்தப் படம் எத்தனை கை மாறி வந்தது என்று யாருக்கும் தெரியாது. அனுப்பிய ஒவ்வொருவரும் நல்லவர். ஒவ்வொருவரும் ஊழியர்களின் உரிமைக்காகக் குரல் கொடுக்கிறவர். உங்களைப் போலவே.

இதை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். என் பெரியப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். அந்த நாளில் எங்கள் குடியிருப்பில் தமிழ் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் நிறையப் பேர். மாலையில் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து அவர்களுக்குச் செய்தித்தாளை வாசித்துக் காட்டுவார். முக்கியம் என்று பட்டதைக் கத்தரித்து, பழைய கணக்கு நோட்டில் சோற்றுப் பசையால் ஒட்டுவார். ஓரத்தில், பட்டறையில் இரும்புத் தகட்டில் குறி போடுகிற சிவப்பு மெழுகுப் பென்சிலால் பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம். மழைக்காலத்தில் நோட்டைத் திறந்தால் பசை புளித்த வாடை அடிக்கும், கரப்பான் ஓடும். பெரியம்மாவுக்கும் அந்த நோட்டுகளுக்கும் ஆயுள் முழுக்கச் சண்டை.

எனக்கு மறக்காதது ஒட்டியது அல்ல, மறுபடி ஒட்டியது. பத்திரிகையில் என்றைக்காவது ஒரு மூலையில் ‘திருத்தம்’ என்று நான்கு வரி வரும். அதை யாரும் படிப்பதில்லை. பெரியப்பா படிப்பார். பழைய நோட்டைத் தேடியெடுத்து, தவறான செய்தி இருந்த அதே பக்கத்தில், அதன் மேலேயே ஒரு ஓரம் மட்டும் பசை தடவி, மடித்துத் தூக்கிப் பார்க்கிற மாதிரி ஒட்டிவிடுவார். அன்று மாலை வாசிக்க உட்காரும்போது, முதல் வேலை அதுதான். போன வாரம் இப்படி வாசித்தேன், அது தவறாம், சரி இதுதான் என்று சொல்லிவிட்டு, முந்தைய வாரம் கேட்டவர்களில் யார் அன்று வரவில்லையோ அவர்கள் வீட்டுக்கு என்னை அனுப்புவார். விளையாட்டை விட்டுவிட்டு நான் ஓட வேண்டும். அப்போது எரிச்சலாக இருக்கும். திருத்தம் கேட்டுக்கொண்ட பெரியவர்களும் பாதி நேரம் ‘எந்தச் செய்தி?’ என்றுதான் கேட்பார்கள்.

தம்பி, கடந்த ஓராண்டில் நீங்கள் அனுப்பிய ஆயிரக்கணக்கான செய்திகளில், பின்னால் போய்த் திருத்தியது எத்தனை? உங்கள் கடிதத்தில் தினமும் எத்தனை செய்தி, குழுவில் யார் பாதி என்ற கணக்கு இருக்கிறது. இந்தக் கணக்கு இல்லை.

பொய்ச் செய்திக்கு எதிரான சட்டம் இங்கே 2019 அக்டோபர் 2இல் நடப்புக்கு வந்தது. எது பொய் என்று முடிவு செய்கிற அதிகாரம் அமைச்சரிடம் இருக்கலாமா என்ற விவாதம் பெரியது, அதற்குள் இப்போது போகவில்லை. அந்தச் சட்டத்தின்படி, தவறென்று சொல்லப்படும் பதிவோடு திருத்தக் குறிப்பையும் சேர்த்து வைக்க உத்தரவிட முடியும். எனக்கு உறுத்துவது இதுதான்: அரசாங்கம் உத்தரவு போட்டுச் செய்ய வைக்கிற அந்த வேலையை, எந்த உத்தரவும் இல்லாமல் ஒரு பட்டறைத் தொழிலாளி சோற்றுப் பசையை வைத்துச் செய்தார். நாம் செய்வதில்லை. வாட்ஸ்அப் நிறுவனமே 2019இல் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் அனுப்ப முடியாமல் செய்தது. 2020இல் பல கை மாறி வந்தவற்றை ஒரே ஒரு அரட்டைக்குத்தான் என்று குறுக்கியது. வணிகம் செய்கிறவர்களுக்கே வேகம் பயமாகிவிட்டது. சமூகத்துக்காக நிற்கிறவர்கள் இன்னும் விரலால் பறந்துகொண்டிருக்கிறார்கள்.

லாரிப் படங்களைப் பற்றியும் ஒரு சொல். ஊழியர்களை லாரியின் பின்பக்கத்தில் ஏற்றிப் போகக் கூடாது என்பதில் உங்களோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று பொதுவாகச் சொல்லும் சட்டமே, வேலைக்குப் போகிறவர்களை ஏற்ற வழி விடுகிறது. அதுதான் அநியாயம், அதை ஊரறியச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் பட்டியலில் இருக்கும் படத்தில் மழை மறைப்பு இல்லை. மழை மறைப்பு 2023 ஜனவரி முதல் கட்டாயம். படம் அதற்கு முந்தியதா, பிந்தியதா? முந்தியதென்றால், ‘இதைத்தான் சரிசெய்துவிட்டோமே’ என்று ஒரே வரியில் உங்கள் வாயை அடைத்துவிடுவார்கள். பிந்தியதென்றால், உங்கள் கையில் இருப்பது ஒரு விதிமீறலின் சாட்சி. தேதி இல்லாததால் அது இரண்டும் இல்லாமல் வெறும் பரிதாபப் படமாகக் கிடக்கிறது.

ஏன் மக்கள் அசையவில்லை என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? ‘தமிழ் முரசு’ பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணியைப் பாருங்கள். ஐம்பதுகளில் தமிழர்கள் இந்த ஊரின் குடியுரிமையைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தினார். கப்பலேறி ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களிடம் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அவருக்கும் உலகச் செய்தி எல்லாம் தெரியும். அதைப் போட்டும்தான் இருந்தார். ஆனால் அந்த விஷயத்தில் அவர் வாசகனிடம் செய்யச் சொல்லிக் கேட்டது ஒன்றே ஒன்று. உங்கள் நாற்பதில் எதைச் செய்யச் சொல்கிறீர்கள் என்று எனக்கே தெரியவில்லை. வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு விடுதிக்குத் திரும்பிச் சமைக்க வரிசையில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்?

திட்டிவிட்டேன். வருத்தப்படாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தூங்காமல் அடுத்தவருக்காக உட்காருகிற பிள்ளைகள் இந்த ஊரில் குறைவு, அதனால்தான் இத்தனை நீளம் எழுதுகிறேன். வேறு யாராக இருந்தாலும் ‘நன்றி, வாழ்த்துகள்’ என்று முடித்திருப்பேன்.

இந்த வாரம் நாற்பதை நிறுத்திவையுங்கள். அந்த நீலப் படத்துக்குரிய இரண்டு வரிகளையும் மனிதவள அமைச்சின் தளத்தில் நீங்களே பார்த்து, பார்த்த தேதியோடு எழுதுங்கள். முன்பு அனுப்பியது அரைகுறை என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். குழுவுக்கு அனுப்பினால் போதாது. விலகிப் போனவர்களுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள், அந்தப் படத்தை அவர்களும் யாருக்காவது தள்ளிவிட்டிருப்பார்கள். யாராவது சலித்துக்கொண்டால் வாங்கிக்கொள்ளுங்கள். வங்காள மொழியிலும் அது போக வேண்டும். எழுதித் தர ஆள் கிடைக்காவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், தேக்காவில் ஒருவரைத் தெரியும், ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் அவர் சும்மாதான் இருப்பார்.